டோப்ருக்: கடலைக் காய்ச்சிக் குடித்த கோட்டை

1941 ஏப்ரலில் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தை ஜெர்மன், இத்தாலியப் படைகள் நிலப்பக்கம் முழுவதும் வளைத்துக்கொண்டன. உள்ளே ஆஸ்திரேலியத் தளபதி லெஸ்லி மோர்ஸ்ஹெட்டின் கீழ் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், இந்திய வீரர்கள். காவல் எல்லை சுமார் 50 கிலோமீட்டர் அரைவட்டம். மே தொடக்கத்தில் மேற்குப் பக்கம் ஒரு துண்டு பறிபோனாலும், ஏழு மாதங்களுக்கு மேல் ஊர் விழவில்லை. ஜெர்மன் தளபதி ரோம்மலின் டாங்குகளை மறித்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். தாகத்தை மறித்த கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அங்கே கிணறுகளில் ஊறியது உவர்நீர். எதிரே மத்தியதரைக் கடல். குடித்தால் உயிர் போகும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. அந்த அளவுக்குச் செறிவான சிறுநீரை நம் சிறுநீரகம் உண்டாக்காது. ஆகவே ஒரு லிட்டர் கடல்நீர் கொண்டுவந்த உப்பை வெளியேற்ற, உடம்பு ஒரு லிட்டருக்கும் அதிகமாகத் தன் நீரைச் செலவிட வேண்டும்.

கடலைக் காய்ச்சி வடிக்கும் ஆலை இருந்ததால் பிழைத்தார்கள். கொதித்தால் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கேட்க எளிது, செலவு கொதிக்க வைப்பதில் இல்லை, ஆவியாக்குவதில். 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்றும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு, கொதிநீரை ஆவியாக்கத் தேவை. குளிரும் ஆவி அந்த வெப்பத்தைத் திருப்பித் தரும். அதைப் பிடித்து, உள்ளே வரும் கடல்நீரைச் சூடேற்றினால் கொஞ்சம் மிச்சம். அப்போதும் எரிபொருள் இல்லாமல் நடக்காது. சோறும் குண்டும்போல அதுவும் கப்பலில்தான் வர வேண்டும். நிலவொளியில் கப்பலின் நுரைத்தடம் விமானிக்குப் பளிச்செனத் தெரியும். அதனால் நாசகாரிக் கப்பல்கள் அமாவாசையை ஒட்டிய இரவுகளையே நாடின.

எதிரி விமானங்களிடமிருந்து ஆலையை எங்கே ஒளிப்பது? உருமறைப்புக்குப் பொறுப்பாயிருந்த பீட்டர் பிரவுட், போருக்கு முன் சினிமாவுக்கு அரங்கம் அமைத்தவர். அவர் ஒளிக்கவில்லை, உடைந்ததாகக் காட்டினார். ஒரு குண்டுவீச்சை அடுத்து, சுவரில் ஓட்டை விழுந்ததுபோல் கறுப்பு தீட்டி, சுற்றிலும் இடிபாடுகளைக் கொட்டினார்கள். உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஓட்டையின் ஆழம் நேராகத் தெரியாது. நிழலை வைத்தே கணிக்க வேண்டும். அந்த நிழலைத்தான் பிரவுட் சாயத்தால் கொடுத்தார். சினிமாக்காரருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்!