பதின்மூன்று ஆண்டுகள் கோட்டைக்கு வெளியே

ஒரு கட்சி தேர்தலில் தோற்றுவிட்டால், முடிவு வந்த அன்றைக்கே "இனி இவங்க எழுந்திருக்க மாட்டாங்க" என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். டீயைக் குடித்துக்கொண்டே ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிடலாம்.

1971இல் தி.மு.க. சட்டமன்றத்தில் 184 இடங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டார், அ.தி.மு.க. பிறந்தது. 1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான்: 1977இல் 48 இடங்கள், 1980இல் 37, 1984இல் 24. அப்புறம் 1989 ஜனவரியில் 150!

இதற்குப் பலரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். அவர் கட்சி இரண்டாக உடைந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஓட்டுப் பிரிந்தது, தி.மு.க. வந்துவிட்டது. உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வாய்ப்பு காங்கிரசுக்கும் இருந்ததே? மூப்பனார் தலைமையில் தனித்து நின்றார்கள், பிரதமர் ராஜீவ் காந்தியே திரும்பத் திரும்ப வந்து பிரசாரம் செய்தார். கிடைத்தது 26 இடங்கள். எதிரி உடையும்போது பலன் யாருக்குப் போகும் என்பது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் யார் ஊருக்குள் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

1984 முடிவை மறுபடி பாருங்கள். இடங்கள் 24தான். ஓட்டு ஏறத்தாழ 29 சதவீதம்! நம் தேர்தல் முறையில் ஒரு ஓட்டுக் குறைந்தாலும் தொகுதி போய்விடும்; ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் எங்கும் போய்விடுவதில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தார், இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். அந்த இரட்டை அனுதாப அலையிலும் நூற்றுக்கு 29 பேர் நகரவில்லை. அவர்களைப் பிடித்து வைத்திருந்தது கிளைச் செயலாளர்களும் படிப்பகங்களும் தெருமுனைக் கூட்டங்களும்தான். 1980இல் மதுரையில் இளைஞரணியைத் தொடங்கினார்கள். 1982இல் திருச்செந்தூர் கோயில் அதிகாரி மரணத்துக்கு நீதி கேட்டு மதுரையிலிருந்து திருச்செந்தூர் வரை தி.மு.க. தலைவர் கருணாநிதி நடந்தே போனார். 1986 உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளைப் பிடித்தார்கள், அதுவும் எம்.ஜி.ஆர். முதல்வராக இருக்கும்போதே. இந்தச் சின்ன வெற்றியை நான் பெரிதாக மதிக்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போய்ப் பார்க்க ஒரு கவுன்சிலர், ஒரு சேர்மன் கிடைத்தார். கோட்டையில் இல்லாத கட்சி தெருவில் இருந்தது.

குறுக்குவழியும் பார்த்தார்கள். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் இந்திரா காங்கிரசோடு கைகோத்து, தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37ஐ அந்த அணி அள்ளியது. மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடங்களைக் கொடுத்தார்கள். கூட்டணி ஓட்டைக் கூட்டித் தரும். விட்டுப்போன பிரியத்தை அதனால் மீட்டுத் தர முடியாது.

அந்தப் பிரியம் யாரிடம் விட்டுப்போயிருந்தது? கிராமத்து ஏழைகளிடம், குறிப்பாகப் பெண்களிடம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அவர்களுடைய பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது. வயிற்றைத் தொட்ட திட்டத்தை மேடையில் எவ்வளவு விமர்சித்தாலும் தாய்மார் காதில் ஏறாது. 1989இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அந்தத் திட்டத்தில் கை வைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சேர்த்துக் கொடுத்தது. எதிரியின் பெயரோடு ஒட்டிய திட்டத்தை ஏற்று, அதற்கு மேல் ஒன்றைச் செய்வதற்குப் பெரிய மனம் வேண்டும். அதே ஆண்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமைச் சட்டமும், ஏழைப் பெண்களுக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமும் வந்தன. தனக்கு ஓட்டுப் போடாதவர்களின் வீட்டுக்குள் என்ன தேவை இருக்கிறது என்று கட்சி யோசித்ததற்கு இவற்றையே சாட்சியாகச் சொல்வேன்.

இந்தத் திட்டங்களெல்லாம் தேர்தலுக்குப் பிறகு வந்தவை என்பதையும் கவனியுங்கள். 1984ஐவிட அதிகத் தொகுதிகளில் நின்றும் 1989இல் கிடைத்தது 33 சதவீதம்தான். 150 இடங்கள் வந்ததாலேயே மூன்றில் இரண்டு பங்குத் தமிழகம் மனம் மாறிவிட்டதாக ஆகாது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பிறகு நடந்த தேர்தலில் அது தெரிந்தது: தி.மு.க.வுக்கு 2 இடங்கள். ஐந்தே ஆண்டில், 1996இல், 173.

எந்தக் கட்சியாக இருந்தாலும், தோற்ற பிறகு பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தலைமைக்கு அறிக்கை எழுதுவதற்கு முன்னால், போன தடவை உங்களுக்குப் போட்டு இந்தத் தடவை மாற்றிப் போட்ட பத்து வீட்டுக்குப் போங்கள். ஏன் என்று கேளுங்கள். பதிலுக்கு வாதம் செய்யாமல், அவர்கள் சொல்வதை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.