டாலர் சீதனம், டியூக் மாப்பிள்ளை

1895 நவம்பர் 6. நியூயார்க்கின் செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் இங்கிலாந்தின் 9-வது மார்ல்பரோ டியூக் காத்திருந்தார். மணப்பெண் வரத் தாமதமானது. 18 வயது கான்சுவேலோ வாண்டர்பில்ட், காலையிலிருந்து அழுது வீங்கிய கண்களைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் நெருங்கிவிடாதபடி அவர் அறைவாசலில் ஒரு பணியாளைக் காவல் போட்டிருந்தார் தாய் ஆல்வா. மகள் விரும்பியதோ வின்த்ராப் ரதர்ஃபர்ட் என்ற அமெரிக்க இளைஞரை.

ஆல்வாவுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? வாண்டர்பில்ட் குடும்பத்தின் ரயில்வே பணத்தை நியூயார்க்கின் பழைய குடும்பங்கள் புதுப்பணம் என்று ஒதுக்கின. ஒரு டியூக் மருமகனானால் அந்த வாய்களை அடைத்துவிடலாம். அந்தப் பக்கம் இங்கிலாந்துப் பிரபுக்களுக்குப் பணமுடை. 1870-களிலிருந்து அமெரிக்க கோதுமை ரயிலிலும் கப்பலிலும் மலிவாக வந்து இறங்க, இங்கிலாந்தில் தானிய விலை சரிந்தது. நிலக்குத்தகை வருமானமும் விழுந்தது. பிரபுக்களின் வருமானத்தைக் குலைத்த அதே ரயில்கள்தான் வாண்டர்பில்ட்டுகளைக் கோடீஸ்வரர்கள் ஆக்கியிருந்தன. மாப்பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சீரும் ரயில்வே பங்குகளே: மதிப்பு 25 லட்சம் டாலர்.

அந்தப் பணத்தில் டியூக்கின் பிளென்ஹிம் மாளிகை பொலிவு பெற்றது. ஆனால், அங்கே கணவனும் மனைவியும் ஒரே மேஜையில் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். பதார்த்தங்களுக்கு இடையே நேரம் போகாமல், சாப்பாட்டு மேஜையிலேயே பின்னல் வேலையில் இறங்கினார் டியூக்கின் மனைவி.

எல்லாக் கல்யாணமும் இப்படிக் கசக்கவில்லை. சிகாகோ வணிகரின் மகள் மேரி லைட்டர், அதே 1895-ல், பின்னாளில் இந்திய வைஸ்ராயான ஜார்ஜ் கர்சனை விரும்பி மணந்தார். வைஸ்ராயின் மனைவியாக 1903 டெல்லி தர்பார் நடன விருந்தில் அவர் அணிந்த மயில்தோகை உடையின் ஜரிகை வேலை, நம் நாட்டுக் கைவினைஞர்கள் செய்தது.

கான்சுவேலோ 1906-ல் கணவரைப் பிரிந்தார். சிறை சென்றவர்களின் மனைவியருக்கு இல்லம் நடத்தினார். 1921-ல் விவாகரத்து பெற்று, பிரெஞ்சு விமானி ஜாக் பால்சானை மணந்தார். 1926-ல் முதல் திருமணம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது. அதற்கு வலு சேர்த்தது ஆல்வாவின் சாட்சியம்: மகளைக் கட்டாயப்படுத்தியது தானே என்றார். அதற்குள் அவர் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, பணத்தையும் வாரி இறைத்திருந்தார். அந்தத் தாயை நான் மதிக்கிறேன். சபையில் தன் தவறை ஒப்புக்கொள்ளப் பெரிய மனம் வேண்டும்.

ஆனால், சம்மதமில்லாத திருமணம் திருமணமே அல்ல என்ற தீர்ப்பு வந்தபோது மகளுக்கு வயது 49. பங்குகளையும் வட்டியையும் வரிவரியாகப் பேசி எழுதிய பெரியவர்கள், பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.