நீர்மேல் ஒரு திண்ணை

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சுமார் இரண்டரை லட்சம் ஏரிகள் இருக்கின்றன. பனி உருகும் காலத்தில் அவற்றின் நீர்மட்டம் ஏறும், கோடை முதிர முதிர இறங்கும். தரையில் கால் ஊன்றிக் கட்டிய படகுத்துறை வசந்தத்தில் முழங்கால் நீரில் கிடக்கும், கோடைக் கடைசியில் படகுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும். அதனால் கரையோரத்து வீட்டுக்காரர்கள் பலர், நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவைத் துறையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். காலி பிளாஸ்டிக் டிரம்கள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் மரச்சட்டம், மேலே பலகை. திருவாரூர் கமலாலயத்தில் பேரல்களின்மேல் மிதந்துவரும் தெப்பத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும்.

கணக்கு ஆர்க்கிமிடீஸ் காலத்தது. பெரிய நீல டிரம் ஒன்றின் கொள்ளளவு சுமார் 208 லிட்டர். முழுதாக அமிழ்த்தினால் 208 கிலோ நீரை விலக்கும். டிரம்மின் சொந்த எடை 10 கிலோ போக, 198 கிலோ தாங்கும். ஆறு டிரம் என்றால் ஏறத்தாழ 1,190 கிலோ. மரமும் ஆணியுமாக 300 கிலோ வைத்துக்கொண்டாலும், ஐந்து பேர் ஏறி நிற்கும்போது டிரம்கள் பாதிக்குச் சற்று மேல்தான் மூழ்கியிருக்கும். படுக்கவைத்த டிரம்முக்கு அதுவே நல்ல நிலை. நீர்மட்டத்தில் அதன் அகலம் மிகுதியாக இருப்பது பாதி மூழ்கும்போதுதான். அப்போது ஆறு டிரம்களும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் இறங்கவே 30 கிலோ வேண்டும். 60 கிலோ மனிதர் ஒருவர் நடுவில் வந்து நின்றால் துறை இரண்டு சென்டிமீட்டர்தான் தாழும்.

அவர் ஓரத்துக்குப் போனால்தான் சிக்கல். எடை முழுவதும் ஒரு பக்கத்து டிரம்களின்மேல் விழும், பலகை சாயும். டிரம்களை நடுவில் நெருக்கி அடுக்குவது பலர் செய்யும் தவறு. சாய்வை எதிர்க்கும் பலம் நடுக்கோட்டிலிருந்து டிரம் இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரத்தை இரட்டித்தால் பலம் நான்கு மடங்காகும். அதே ஆறு டிரம்களை இரு விளிம்புகளுக்கும் தள்ளிவைத்தாலே போதும், ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

மூடியைத் திருகும் நேரத்திலும் கவனம் வேண்டும். 35 டிகிரி வெயிலில் இறுக மூடிய டிரம்மை 10 டிகிரி நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் எட்டு சதவீதம்வரை குறையும். டிரம் சொட்டையாகும், மூடி வழியே நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். காலை நேரக் குளிர்ச்சியில் மூடுவதும், மூடித்துளை நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி டிரம்மைத் திருப்பிவைப்பதும் நல்லது. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விசாரிக்காமல் வாங்கவே கூடாது. சமையல் எண்ணெயோ சர்க்கரைப் பாகோ இருந்ததென்றால் நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து இருந்த டிரம் எந்தக் கழுவலுக்குப் பிறகும் ஏரிக்கு ஆகாது.

நங்கூரத்துக்குக் கான்கிரீட் கட்டி போடுவார்கள். கரையில் 100 கிலோ இருக்கும் கட்டி, நீருக்குள் ஏறத்தாழ 58 கிலோதான் இருக்கும். துறையை மிதக்கவைக்கும் அதே விதி நங்கூரத்தையும் இலேசாக்கிவிடுகிறது. தூக்கமுடியாத கனம் என்று நம்பி இறக்கிய கட்டியைப் புயற்காற்று இழுத்துப் போவது இதனால்தான்.

டிரம்முக்குப் பதிலாகத் தெர்மாகோல் கட்டிகளைச் செருகும் பழக்கமும் நெடுநாளாக இருந்தது. ஓட்டை விழுந்தாலும் மூழ்காது என்பது அதன் வசதி. ஆனால் உறையில்லாத தெர்மாகோலை நீரெலிகள் குடைந்து கூடு கட்டும், அலை அரிக்கும், பனிக்கட்டி உடைக்கும். உதிர்ந்த வெள்ளை மணிகள் கரையெங்கும் ஒதுங்கும். இரையென்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கும். ஒருமுறை சிதறினால் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. உறையிடாத தெர்மாகோலில் மிதவைத் துறை கட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை ஒண்டாரியோ 2021-இல் இயற்றியது, 2023-இல் அது நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம் அது. எத்தனை ஏரிக்கரை மணலில் அந்த மணிகள் இன்னும் கிடக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

குளிர்காலம் வருமுன் துறையைக் கரையேற்றிவிடுவது பாதுகாப்பு. உறையும் நீர் சுமார் ஒன்பது சதவீதம் பருக்கும். உறைந்த பிறகும் பனிப்பாளம் சும்மா கிடக்காது. கடுங்குளிரில் சுருங்கி வெடிக்கும், வெடிப்பில் நீர் புகுந்து உறையும், வெயில் பட்டதும் விரிந்து கரையை நெட்டித் தள்ளும். போல்ட்டுகள் தெறிக்க அந்தத் தள்ளலே போதும். வசந்தத்தில் மறுபடி நீரில் இறக்குமுன் ஒவ்வொரு டிரம்மையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே 'சளக்' என்று கேட்டால், அந்த டிரம்மின் மூடியைக் கழற்றவேண்டும்.