கொட்டாய் வரை வந்த செப்புக் கம்பி

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் ஊர் என்பது நெருங்கி நிற்கும் தெருக்களின் தொகுதி மட்டும் அன்று. நிலத்தின் நடுவே, கிணற்றையும் மாட்டுத் தொழுவத்தையும் ஒட்டி, ஒரு குடும்பமோ பங்காளிகளின் சில குடும்பங்களோ வீடு கட்டி வாழும் 'கொட்டாய்'கள் ஊரின் பெயரில் சேர்ந்தும் ஊரின் இருப்பிடத்திலிருந்து விலகியும் சிதறிக் கிடக்கின்றன. இக்குடியிருப்பு முறை வேளாண்மைக்குப் பொருந்தி வந்தது. தொலைபேசிக்கும் ஒருவாறு பொருந்தியது. ஆனால் அதே தொலைபேசிக் கம்பியின் வழியே அகலப்பட்டை இணையம் வந்தபோது, கொட்டாய்க்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடையிலுள்ள கம்பியின் நீளமே அவ்வீட்டின் இணைய வேகத்தைத் தீர்மானிக்கும் முதற் காரணமாயிற்று. இரண்டாவது காரணம் வீட்டின் சுவருக்குள் இருந்தது. அதைக் குறித்துப் பேசியவர்கள் குறைவு.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் நிறுவனமாக மாறியது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின்னரும் தருமபுரி தொலைத்தொடர்பு மாவட்டம் ஓசூர் உள்ளிட்ட அப்பகுதியையும் சேர்த்தே இயங்கி வந்தது. 2004 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் கிடைத்தாலே அதனை அகலப்பட்டை எனலாம் என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 14 அன்று பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் தன் சேவையைத் தொடங்கியது. மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை பதிவிறக்கத்துக்குக் கணக்கில்லை என்ற சலுகை, ஒரு தலைமுறை மாணவர்களை அலாரம் வைத்து எழச் செய்தது. அக்காலத்தில் கம்பியின் தரம் யார் கண்ணிலும் படவில்லை என்பது கவனிக்கத்தக்கது: 256 கிலோபிட்டைச் சுமக்க, துருப்பிடித்த இணைப்புகளும் பல கிலோமீட்டர் நீளமும் கொண்ட கம்பியும்கூடப் போதுமானதாக இருந்தது. 2007 ஜனவரியில் பதிவிறக்க அளவு வரையறுக்கப்பட்ட திட்டங்களின் வேகம் 2 மெகாபிட்டாக உயர்ந்து, பின்னர் 4, 8 என ஏறியபோதுதான், ஒரே கட்டணம் செலுத்தும் இரு வீடுகளில் ஒன்றுக்கு வேகம் கிடைப்பதும் மற்றொன்றுக்குக் கிடைக்காமற் போவதும் வழக்கமான புகாராயின. கம்பி கெட்டுப்போனது அப்போதன்று. அதன் குறை வெளிப்பட்டதே அப்போதுதான்.

தொலைபேசிக் கம்பி இணையத்துக்காக அமைக்கப்பட்டதன்று. ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்ட இரு செப்புக் கம்பிகளின் வழியே நிலையம் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தத்தை அனுப்புகிறது. மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களே போதும் என்பதால் அதற்கு மேற்பட்ட பரப்பு நூறாண்டு காலம் வெறுமனே கிடந்தது. கம்பிகளை முறுக்குவது 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உத்தி. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாகப் படிந்து ஒன்றையொன்று நீக்கிக்கொள்வது அதன் பயன். வெறுமனே கிடந்த அந்த மேற்பரப்பைப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்றைச் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990-களில் உருவாக்கியது. 'டையாஸ்' எனப்பட்ட அக்கருவி, பேசிக்கொண்டிருக்கும்போதே அதே கம்பியில் இணையத்தையும் தந்தது, எனினும் வீட்டுப் பயன்பாட்டுக்கான அதன் வேகம் 144 கிலோபிட்டைத் தாண்டவில்லை. உலகெங்கும் நிலைபெற்றது ஏடிஎஸ்எல் என்ற முறையே. அமெரிக்கப் பொறியாளர் ஜான் சியோஃபி முதலியோர் வளர்த்தெடுத்த இம்முறை, 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 துணை அலைகளாகக் கூறுபோட்டு, ஒவ்வோர் அலையிலும் இரைச்சல் எவ்வளவு என்று மோடமே அளந்து, அமைதியான அலையில் அதிகப் பிட்டுகளையும் இரைச்சல் மிகுந்த அலையில் குறைந்த பிட்டுகளையும் ஏற்றுகிறது. 2003-இல் வரையறுக்கப்பட்ட ஏடிஎஸ்எல் 2 பிளஸ் அப்பரப்பை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை இரட்டிப்பாக்கி, ஏட்டளவில் 24 மெகாபிட் வேகத்தைச் சாத்தியமாக்கியது.

ஏட்டளவு வேகத்துக்கும் கொட்டாய்க்குக் கிடைக்கும் வேகத்துக்கும் இடையே நிற்பது கம்பியின் நீளம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியிணை போய்த் திரும்பும் பாதையில் கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம் மின்தடையும், 0.4 மில்லிமீட்டர்க் கம்பி சுமார் 275 ஓமும் கொண்டவை; ஐந்து கிலோமீட்டர் தொலைவிலும் மணி ஒலிக்கவும் குரல் கேட்கவும் இத்தடை பெரிய இடையூறன்று. உயர் அதிர்வெண்களின் நிலை வேறு. மோடம் காட்டும் 'அட்டெனுவேஷன்', அதாவது சமிக்ஞையின் தேய்வு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டெசிபெல் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் கடந்த சமிக்ஞையில் இருபத்தைந்தில் ஒரு பங்கும், நான்கு கிலோமீட்டர் கடந்ததில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கும்தான் எஞ்சும். எனவே நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு 20 மெகாபிட் எட்டக்கூடியது. மூன்று கிலோமீட்டரில் அது எட்டு மெகாபிட் அளவுக்குச் சுருங்கும். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் ஓரிரு மெகாபிட்டே பெரிது. தருமபுரி நகரத்தின் கடைத்தெருவுக்கும் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பகுதிகளின் வயல்வெளிக் கொட்டாய்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இதுவே. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைக் குடியிருப்புகளை இக்கணக்கிலேயே சேர்க்க இயலாது. நாட்டுப்புறங்களில் 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் தொடங்கிப் பரவிய சி-டாட் வகைச் சிறு தொலைபேசி நிலையங்கள் ஊர்தோறும் இல்லாமற் போயிருந்தால் இத்தூரம் இன்னும் கூடியிருக்கும். 2009 ஜனவரி 20 அன்று அனைவருக்கும் சேவை நிதியம் பிஎஸ்என்எல்லுடன் செய்த ஊரக அகலப்பட்டை ஒப்பந்தம், அச்சிறு நிலையங்களையும் அவற்றின் செப்புக் கம்பியையும் நம்பியே எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை இலக்காக வைத்தது. இணைப்புக்கு உறுதியளித்த குறைந்தபட்ச வேகம் 512 கிலோபிட். கம்பியின் நீளத்தை அறிந்தவர்கள் வகுத்த கணக்கு அது.

நிலையத்திலிருந்து புறப்படும் கம்பி ஜெல்லி நிரப்பிய நிலத்தடிக் கேபிளாகப் பில்லர் எனப்படும் தெருவோரப் பெட்டிக்கும், அங்கிருந்து வீடுகளுக்கு இணைகளைப் பங்கிடும் டிபி பெட்டிக்கும், பிறகு கம்பத்திலிருந்து தொங்கும் கருப்பு டிராப் வயராக வீட்டுக்கும் வருகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பிலும் ஈரம் நுழைய ஒரு வழி. கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் நாளடைவில் ஆக்சைடு படலம் படிந்து, போன் பேசும்போது ஓடும் மின்னோட்டம் அப்படலத்தைத் தற்காலிகமாக உடைப்பதால், 'ரிசீவரை எடுத்தால் நெட் வருகிறது, வைத்தால் போகிறது' என்னும் விந்தை பல வீடுகளில் நிகழ்ந்தது. இதற்கு நேர்மாறாக, இரு கம்பிகளில் ஒன்று அறுந்து போன் செத்த பின்னும் மெதுவாக இணையம் ஓடுவதுண்டு. உயர் அதிர்வெண் சமிக்ஞை அறுந்த கம்பியையும் மின்தேக்கத்தின் வழியே ஓரளவு தாண்டிவிடும் என்பதே காரணம். இத்தகைய குறிகளைப் படித்து, எந்த டிபியின் எந்த இணையில் பழுது என்று சொல்லத் தெரிந்தவர் லைன்மேன். 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் 2020 ஜனவரி 31 அன்று விடைபெற்றபோது, எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாத அந்த அறிவின் பெரும்பகுதியும் அவர்களுடன் போயிற்று.

வெளிக்கம்பியை வீட்டுக்காரர் திருத்த முடியாது. ஆனால் வீட்டுக்குள் நிகழும் இழப்பு அவர் கைக்கு எட்டுவது. அது சிறிதும் அன்று. தொலைபேசி மட்டுமே இருந்த காலத்தில் கூடத்தில் ஒரு கருவி, மாடியில் ஒன்று, மணி கேட்கட்டும் என்று மோட்டார்க் கொட்டகைக்கு ஒன்று எனக் கம்பியை இணையாகக் கிளைபிரித்து இழுப்பது இயல்பு. குரலுக்கு அதனால் கேடில்லை. ஏடிஎஸ்எல்லுக்கு அக்கிளை ஒரு பொறி. கம்பிக்குள் அலை நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால் 2 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 மீட்டர். 25 மீட்டர்க் கிளையின் முனைவரை ஓடி எதிரொலித்துத் திரும்பும் அலை 50 மீட்டர், அதாவது அரை அலைநீளம், கூடுதலாகப் பயணித்து, மோடத்தை நோக்கி வரும் மூல அலைக்கு நேரெதிர்க் கட்டத்தில் சேர்ந்து அதனை அழிக்கிறது. கிளை 50 மீட்டரானால் அவ்வாறு அழிவது 1 மெகாஹெர்ட்ஸ் பகுதி. மாடிக்கும் கொட்டகைக்கும் இழுத்த கம்பிகள் ஏறத்தாழ இந்நீளத்திலேயே அமைவது துரதிருஷ்டம். கிளையின் முனையில் போனே இல்லாவிட்டாலும், அல்லது போனுக்கு முன் வடிகட்டி பொருத்தியிருந்தாலும், சுவருக்குள் கிடக்கும் கம்பி கிடப்பதுதான். பலர் போனைக் கழற்றிவிட்டுக் கிளையை நீக்கிவிட்டதாக எண்ணிக்கொள்வது இங்கேதான் தவறாகிறது.

அடுத்தது இரைச்சல். டிராப் வயரிலும் வீட்டுக்குள் ஓட்டும் மலிவான தட்டைக் கம்பியிலும் பெரும்பாலும் முறுக்கு இராது. முறுக்கில்லாத கம்பி ஒருவகையில் ஏரியல். ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் பரப்பு மத்திய அலை வானொலியின் பரப்போடு மேற்படிகிறது: தருமபுரிக்கு எட்டும் பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை கிட்டத்தட்ட 142-ஆம் துணை அலையின் மீதே அமைகிறது. வானொலி நிலையம் ஓரிரு துணை அலைகளை மட்டுமே பறிக்கும், மோடம் அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் ஓடும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரோ நொடிப்பொழுதில் எல்லா அலைகளையும் கலக்கி இணைப்பையே துண்டித்துவிடக் கூடும். மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்திலெல்லாம் இணையம் அறுந்தால், மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஒரே குழாயில் ஓடுகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை.

பழுது வெளியிலா உள்ளேயா என்று அறியும் வழி எளிது. மோடத்தின் உள்பக்கத்தை உலாவியில் திறந்தால் இணைப்பு வேகமும், டெசிபெல்லில் தேய்வும், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி இணைப்புக்கு வேண்டியதை விட எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்று காட்டும் எஸ்என்ஆர் மார்ஜினும் தெரியும். மார்ஜின் 6-க்குக் கீழ் இறங்கினால் இணைப்பு நிலைக்காது, 10-க்கு மேல் இருந்தால் அமைதி. வழக்கமான இடத்தில் இவ்வெண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு டிராப் வயர் வீட்டுக்குள் நுழையும் முதற் பெட்டியிலேயே உட்கம்பிகள் அனைத்தையும் கழற்றி மோடத்தை நேரடியாகப் பொருத்தி மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை வேகம் கூடினால் அவ்வேறுபாடு முழுவதும் வீட்டின் இழப்பு. கூடாவிட்டால் வீட்டில் எத்தனை கம்பி மாற்றினாலும் பயனில்லை, புகாரை நிலையத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். இழப்பு உள்ளே என்று தெரிந்தால், குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை அம்முதற் பெட்டியிலேயே வைத்து, அதன் இணைய முனையிலிருந்து முறுக்குக் கம்பி ஒன்றை, கணினி வலைக்கு விற்கும் கேட்-5 கேபிளின் ஓர் இணையே போதும், இடையில் ஒட்டில்லாமல் மோடம் வரை ஓட்டுவதுதான் தீர்வு. பழைய கிளைகள் ஸ்பிளிட்டரின் குரல் முனைக்குப் பின்னால் போய்விடுவதால் அவற்றால் பின்னர் தீங்கில்லை. சில நூறு ரூபாய்ச் செலவுதான். கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதைக் காட்டிலும் இது பல வீடுகளில் அதிகப் பயன் தரும்.

செப்புக் கம்பியில் இதற்கு மேலும் வேகம் எடுக்கும் முறைகள் உண்டு: 2006-இல் வந்த விடிஎஸ்எல் 2 சில நூறு மீட்டருக்குள் 100 மெகாபிட் வரை தரும். ஐரோப்பிய நகரங்களில் தெருமுனைப் பெட்டிவரை கண்ணாடியிழையைக் கொண்டுவந்து மீதியைச் செம்புக்கு விட்டபோது அது பயன்பட்டது. வீடுகள் சிதறிய மாவட்டத்தில் தெருமுனை என்பதே இல்லை. இந்தியா பெரும்பாலும் அந்தப் படியைத் தாண்டி நேரே கண்ணாடியிழைக்குச் சென்றுவிட்டது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழையைக் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தின் தமிழகப் பணியை டான்ஃபிநெட் எனப்படும் மாநில அரசு நிறுவனம் ஏற்று, 12,525 ஊராட்சிகளை இலக்காகக் கொண்டது. தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளும் அவ்வெண்ணிக்கையில் அடங்கும். அகலப்பட்டையின் வரையறையும் 2023-இல் 2 மெகாபிட்டுக்கு உயர்ந்துவிட்டது.

ஆயினும் கண்ணாடியிழை வந்த வீட்டிலும் சுவருக்குள் கிடக்கும் தொலைபேசிக் கம்பிக்கு வேலை முடிந்துவிடவில்லை. இழையின் பெட்டி வாசலருகே பொருத்தப்பட்டு, தடித்த சுவர்களுக்கு அப்பால் பின்னறையில் வைஃபை நலியும்போது, அவ்வறையிலுள்ள பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டியை (ரோசெட்) திறந்து கம்பிகளை எண்ணிப் பார்க்கலாம். எட்டுக் கம்பிகள் இருந்தால், கட்டியவர் கேட்-5 கேபிளையே தொலைபேசிக்கு ஓட்டியிருக்கக் கூடும். இடையில் கிளையோ ஒட்டோ இல்லையெனில் இருமுனையிலும் கணினி வலைக்குரிய பிளக்கைப் பொருத்தினால் அது ஆயிரம் மெகாபிட்டையும் சுமக்கும். இரண்டோ நான்கோ தட்டைக் கம்பிகள் மட்டும் இருந்தால், அவற்றின் ஒரு முனையில் புதிய கேபிளைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால், குழாய் அடைபடாத வரை, சுவரை உடைக்காமலே கேபிள் பின்னறைக்கு வந்து சேரும்.