துயிலெழும் கணினியிற் கட்டளை மாற்றம்

கணினியின் பணிசெயல் முறைமைக்கு நடுநாயகமாய் விளங்குவது கேர்ணல் எனப்படும் பகுதி. நினைவகத்தைப் பங்கிடுதலும் வன்பொருள்களை ஆளுதலும் அதன் கடமைகள். பல்லாயிரஞ் சார்புகளால் ஆகிய அந்நிரலில் எது எப்பொழுது அழைக்கப்படுகின்றது என்றறிய, லினக்ஸ் கேர்ணலுக்கு ஸ்ரீவன் றொஸ்ரெட் என்பார் ‘எஃப்ட்ரேஸ்’ என்னுங் கருவியை இயற்றினார். 2008 ஆம் ஆண்டு ஒற்றோபரில் வெளிவந்த 2.6.27 ஆம் பதிப்பில் அஃது இடம்பெற்றது.

நிரலை இயந்திரமொழிக்கு மாற்றுந் தொகுப்பான், ஒவ்வொரு சார்பின் வாயிலிலும் ஓர் அழைப்புக் கட்டளையைப் பொருத்திவிடுகின்றது. சார்பு தன் கருமத்தைத் தொடங்குமுன் கண்காணிக்குங் கருவியிடம் தன் வரவைப் பதிந்து செல்லும். ஆயின் கண்காணிப்பு வேண்டாத வேளையிலும் இவ்வழைப்புகள் நிகழுமாயின் கணினியின் வேகம் வீணே குன்றும். ஆதலின் அவ்விடத்தில் யாதுஞ் செய்யாத வெற்றுக் கட்டளையை வைத்தல் வேண்டும். எக்ஸ்86 வகைச் செயலிகளில் அழைப்புக் கட்டளை 5 பைட்டு நீளமுடையது. வெற்றுக் கட்டளையும் அந்நீளத்தை நிரப்புதல் வேண்டும்.

இம்மாற்றத்தை எப்பொழுது செய்வது என்பதே வினா. முதலிற் கையாண்ட முறையில், சார்பு முதன்முறை அழைக்கப்படும்போது அழைப்பின் முகவரி குறித்துக்கொள்ளப்பட்டது; நொடிக்கொருமுறை விழித்தெழும் உதவி நிரலொன்று குறித்த இடங்களையெல்லாம் மாற்றிவந்தது. குறித்தற்கும் மாற்றுதற்கும் இடையே கழியும் அச்சிறு பொழுதிலேதான் கேடு புகுந்தது. கேர்ணலுடன் பின்னர் இணைக்கப்படுங் கூறுகளின் தொடக்க நிரல், ஒருமுறை இயங்கியபின் நினைவகத்தினின்று நீக்கப்படும். அதன் முகவரி வேறொன்றுக்கு வழங்கப்படலாம். அவ்வாண்டில் அஃது, இன்ரெலின் சில வலையமைப்பு வன்பொருள்களை ஆளும் ஈ1000ஈ என்னும் இயக்கிக்கு வாய்த்தது. அம்முகவரியில் இப்பொழுது இருந்தது நிரலன்று. வன்பொருளின் நிலைநினைவகத்துக்குச் செல்லும் வாயில்.

பழைய அழைப்பு அங்கே உளதா என ஒப்பிட்டு, உளதாயின் மட்டும் மாற்றுங் கட்டளையே பயன்படுத்தப்பட்டிருந்தது. ஒப்பாவிடின் ஒன்றும் நேராதென்றே எவருங் கருதுவர். எக்ஸ்86 செயலியோ, ஒப்பாதவிடத்தும் தான் படித்த பெறுமானத்தையே மீள எழுதிவிடும் இயல்பினது. சாதாரண நினைவகத்தில் இதனால் யாதொரு தீங்குமில்லை. வன்பொருளின் வாயிலிலோ எழுதுதல் என்பதே ஓர் ஏவல். நிலைநினைவகத்தின் உள்ளடக்கஞ் சிதைந்து, வலையமைப்பு வன்பொருள்கள் பயனற்றுப்போயின. இயக்கியின்மேல் ஐயங்கொண்டு அதனைத் துருவியோர்க்குக் காரணம் எளிதிற் புலப்படாமை வியப்பன்று.

2.6.27.1 ஆம் பதிப்பில் இம்மாற்றுமுறை நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்து வந்த 2.6.28 இல் வேலை முழுவதும் முற்பட்ட காலத்துக்கு நகர்த்தப்பட்டது. அழைப்புகளின் முகவரிகள் நிரலைத் தொகுக்கும்போதே பட்டியலாகின்றன. கணினி துயிலெழுகையில், ஏனைய செயலிகள் எழுப்பப்படுமுன், ஒரேயொரு செயலி அப்பட்டியலைக்கொண்டு மாற்றங்களைச் செய்து முடிக்கும். பாதி மாறிய கட்டளையை மற்றொரு செயலி படித்துவிடும் என்ற அச்சமில்லை. எழுதுமுன் அவ்விடத்தைப் படித்து, எதிர்பார்த்த 5 பைட்டுகளும் உளவா என்று சரிபார்க்கப்படும். ஒன்றேனும் வேறுபடின் எச்சரிக்கை விடுத்துக் கருவி தன்னைத்தானே முடக்கிக்கொள்ளும். ஐயமுற்றவிடத்துத் துணிந்து எழுதுவதினும் இவ்வாறு கைவிடுதலே கேர்ணலுக்குத் தக்கதென்பது எம் கருத்து. பின்னர் இணையுங் கூறுகளுக்கும் அவை இயங்கத் தொடங்குமுன்னரே மாற்றஞ் செய்யப்படும்.

கண்காணிப்பை இடையில் மீள இயக்குவதாயின், அப்பொழுது எல்லாச் செயலிகளும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு அனைத்தையுங் கணநேரம் நிறுத்திவைத்தே மாற்றினர். 2012 ஆம் ஆண்டில் எக்ஸ்86 இற்கு வேறொரு முறை வந்தது: 1 பைட்டு அளவேயான நிறுத்தக் கட்டளையை முதற் பைட்டில் இட்டு, ஏனைய 4 பைட்டுகளை மாற்றி, ஈற்றில் முதற் பைட்டை மாற்றுவர். இடையில் அவ்விடத்தை அடையுஞ் செயலி, நிறுத்தக் கட்டளையால் மறிக்கப்பட்டு, அவ்வைந்து பைட்டுகளையுந் தாண்டிச் செல்லுமாறு வழிப்படுத்தப்படும்.