காது முக்கியமா, கலர் விளக்கு முக்கியமா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஹெட்போன் தேடி வரும் பையன்கள் கேட்பது, "அண்ணே, லைட் எரியுமா?" கூட வரும் அப்பா கேட்பது, "எவ்வளவுப்பா?"

ஆனால் முதலில் பார்க்க வேண்டிய சங்கதிகள் வேறு!

விளக்குக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டியில் "7.1" என்று போட்டிருந்தாலும், மலிவு ரகத்தில் பெரும்பாலும் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். மிச்சம் சாப்ட்வேர் காட்டும் ஜாலம். எதிரி இடப்பக்கம் வருகிறானா, வலப்பக்கமா என்று தெரிய நல்ல ஸ்டீரியோவே போதும்.

பின்னைப் பாருங்க!

பல கம்ப்யூட்டர்களில் சத்தத்துக்குப் பச்சைத் துளை, மைக்குக்கு ரோஸ் துளை. செல்போனுக்கான ஒற்றைப் பின்னைப் பச்சையில் செருகினால் சத்தம் கேட்கும், பேச்சு போகாது. இரண்டாகப் பிரிக்கும் ஒயர் தனியா வாங்கணும்.

சாதாரண புளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும். துப்பாக்கி சுட்ட பிறகுதான் வெடிச்சத்தம்! குறைந்த காசுக்கு ஒயர் வைத்ததே மேல்.

சென்னை வெயிலில் ரெக்சின் மெத்தை வியர்க்கும்; துணி மெத்தை தேவலை. பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்து, பில்லோடு கிளம்புவது புத்திசாலித்தனம்.

காது ஜாக்கிரதை!

80 டெசிபல் சத்தம், வாரத்துக்கு 40 மணி நேரம். பெரியவர்களுக்கு அதுதான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு 75 டெசிபல்தான்.

ஹெட்போன் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால் எந்தத் தெருவில் வாங்குவது?