பெட்டி வீட்டில், நீங்கள் வெளியூரில்!

ஊருக்குக் கிளம்பும்போது பீரோ சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டுப் போவோமா? மாட்டோம். ஆனால் குழந்தையின் பிறந்த நாள் படம், பெண்ணின் கல்யாண வீடியோ, மாமனாரின் இருதய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அதுவும் இடம் இருக்கும் வரைதான். 2021 ஜூன் முதல் தேதிக்கு முன்னால், தரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் கூகிள் போட்டோஸில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டு வைக்கலாம். அன்று முதல் புதிதாகப் போடுகிற எல்லாமே 15 ஜி.பி. கணக்கில் சேர ஆரம்பித்தது. "இடம் நிரம்பிவிட்டது" என்று போன் நச்சரிக்காத வீடு உண்டா, சொல்லுங்கள்!

எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு பெட்டி வாங்கினோம். கடையில் 'நாஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். மிக்ஸியின் அடிப்பாகம் அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். வைஃபை ரூட்டரோடு ஒரு ஒயரில் இணைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் எல்லாருடைய போனும் கம்ப்யூட்டரும் அதில் எழுதலாம், அதிலிருந்து எடுக்கலாம். ஒரு டிஸ்கில் எழுதியது அப்படியே மற்றதிலும் பதிவாகும்; ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். விலை கொஞ்சம் அதிகம்தான், மறைப்பானேன். "இதுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம்" என்று மாமியார் முணுமுணுத்தார். கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. 20 வாட்ஸ் இழுக்கிற பெட்டி என்றால் இரவும் பகலும் ஓடினாலும் நாளைக்கு அரை யூனிட். நம் இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட் கூடும், அவ்வளவுதான்.

நான் படித்தது பிளஸ் டூ. இந்த விஷயமெல்லாம் என் பையன் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டது. அதனால் எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் வரை தொந்தரவே இல்லை. ரூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கும், பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். அது வீட்டுக்குள் கூப்பிடுகிற செல்லப் பெயர் மாதிரி. தெருவில் போய் "அம்முக்குட்டி வீடு எது?" என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? வெளியூரிலிருந்து பெட்டியைத் தேடினால் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

வெளி உலகத்துக்குத் தெரிகிற விலாசம், இன்டர்நெட் கம்பெனி கொடுக்கிற நம்பர். அந்தப் பழைய முறை விலாசங்கள் மொத்தமே சுமார் 430 கோடி. அவற்றின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்து போயிற்று. அதனால் பல கம்பெனிகள் ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. நூறு பிளாட் உள்ள கட்டடத்துக்கு வாசலில் ஒரே கதவு எண், உள்ளே எந்த பிளாட்டிலும் பெயர்ப் பலகை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் உள்ளேயிருந்து யாரையாவது கூப்பிட்டால் பதில் சரியாக நம் பிளாட்டுக்கு வந்துவிடும். நம்மைத் தேடி வெளியிலிருந்து வருகிறவர் வாட்ச்மேனோடு நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு சிரமப்பட்டு வெளியூரிலிருந்து எதற்காக அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று கேட்பீர்கள். போன வருஷம் ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

நாத்தனார் பெண்ணுக்கு மதுரையில் விசேஷம். கும்பகோணத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாருமே போயிருந்தோம். ராத்திரி பத்தரை மணிக்கு மாமாவுக்கு நெஞ்சில் அழுத்தம், உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் அடுக்கடுக்காகக் கேட்டார்: ஸ்டென்ட் வைத்தது எந்த வருஷம்? எந்த ரத்தக்குழாயில்? இப்போது என்ன மாத்திரை? கடைசியாக கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது? என் வீட்டுக்காரர், "2019, தஞ்சாவூர்ல வச்சோம் சார்" என்பதோடு நின்றுவிட்டார். பைல் கும்பகோணத்தில் பீரோவுக்குள். பஸ்ஸில் போய் எடுத்து வர ஒரு ராத்திரி ஆகும்.

"அண்ணி, நீங்கதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சேன்னு சொன்னீங்களே?" என்று நாத்தனார் கேட்டாள். வராந்தாவில் நின்றபடியே போனைத் திறந்தேன். 'மாமா – இருதயம்' என்று ஒரு போல்டர். ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாக இருந்தது. மார்கழி மாதத்து ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6, அன்று ராத்திரி எடுத்ததில் 1.7. ஆஞ்சியோவுக்குச் செலுத்துகிற சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால், அந்த எண் திடீரென்று ஏறியதா, வெகு நாளாக அப்படியேதான் இருக்கிறதா என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். "பழசுதாம்மா, நல்லவேளை" என்றார். பழைய ஆஞ்சியோ சி.டி.யையும் பெட்டியில் காப்பி போட்டு வைத்திருந்தோம். இப்போதைய லேப்டாப்பில் சி.டி. போட இடமே கிடையாதே! 400 எம்.பி. இருந்தது. ஆஸ்பத்திரி சிக்னலில் இறங்கப் பத்து நிமிஷம் பிடித்தது. மறுநாள் காலை பழைய ஸ்டென்ட்டுக்குக் கீழே இன்னொரு அடைப்பைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்தார்கள். மாமா இப்போது தெருக்கோடி வரை தானே நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார்.

சரி, இது எப்படி முடிந்தது? பெட்டி வாங்கிய புதிதில் ரூட்டர் பார்க்க வந்த பையன், "ஒரு போர்ட்டை ஓபன் பண்ணி விட்டுடறேன்க்கா, எங்கேயிருந்து வேணாலும் பார்க்கலாம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போர்ட்டைத் திறப்பது என்றால் தெருக்கதவைத் தாழ் போடாமல் வைப்பது. நமக்குத் திறந்திருக்கிற கதவு, உலகத்தில் எல்லாருக்கும் திறந்துதானே இருக்கும்? ராத்திரி பகலாக வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் 'மை புக் லைவ்' என்ற வீட்டு டிஸ்குக்குப் புதிய பாதுகாப்பு மென்பொருள் தருவது 2015-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. 2021 ஜூனில் ஒருநாள், அதை வைத்திருந்த பலர் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. யாரோ இன்டர்நெட் வழியே புகுந்து, புதிதாக வாங்கியது போலத் துடைத்து வைத்துவிட்டார்கள். உடனே இன்டர்நெட்டிலிருந்து கழற்றுங்கள் என்று கம்பெனியே சொல்ல வேண்டி வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் க்யூநாப் பெட்டிகளில் வேறு விதமான அட்டகாசம். படங்களையும் பத்திரங்களையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு, 0.01 பிட்காயின் கொடுத்தால்தான் திறப்போம் என்றார்கள். குழந்தை முதன்முதலில் நடந்த வீடியோவைப் பணம் கொடுத்து மீட்க வேண்டும் என்றால் வயிறு எரியுமா, எரியாதா?

நாங்கள் எடுத்துக்கொண்டது வி.பி.என். என்ற வழி. போனுக்கும் வீட்டுக்கும் நடுவில் நமக்கு மட்டுமேயான, மேலே மூடி போட்ட ஒரு பாதை. டெயில்ஸ்கேல் என்ற ஆப்பைப் பெட்டியிலும் போட்டோம், எங்கள் போன்களிலும் போட்டோம். பெட்டிதான் உள்ளேயிருந்து வெளியே கூப்பிடுகிறது. அதனால் விலாசத்தைப் பங்கு போட்ட தகராறும் இல்லை, கதவைத் திறக்க வேண்டியதும் இல்லை. சினாலஜி, க்யூநாப் பெட்டிகள் பலவற்றில் இதைப் போட முடியும். இது சிக்கலாகத் தோன்றினால் பெட்டிக்காரர்களே தருகிற வழி இருக்கிறது. சினாலஜியில் அதற்கு 'குவிக்கனெக்ட்' என்று பெயர். சுலபம்தான், ஆனால் பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். போனில் வருகிற இரண்டாவது எண்ணையும் கேட்கும்படி வைக்க வேண்டும். 'அட்மின்' என்ற பெயரில் இருக்கும் கணக்கை முடக்கிவிட்டு, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வையுங்கள். என் மாமியாருக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. கைபட்டு அழிந்துவிடக் கூடாது பாருங்கள்! ரூட்டரில் 'யு.பி.என்.பி.' என்று ஒன்று இருக்கும். கேட்காமலே கதவைத் திறந்துவிடுகிற பேர்வழி. அதை அணைக்கச் சொல்லுங்கள். மென்பொருள் புதுசு வந்தால் தானே போட்டுக்கொள்ளும்படி வைத்துவிட்டால் நல்லது.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை. வீட்டு வாசலில் நின்று போனில் வைஃபையை அணையுங்கள். சிம் கார்டு டேட்டாவில் பெட்டி திறக்கிறதா பாருங்கள். இங்கே திறந்தால் டில்லியிலும் திறக்கும்.

நம் ஊர் மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். பெட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்து ரூட்டரை விட்டுவிட்டால் பிரயோசனம் இல்லை. இரண்டும் ஒரே லைனில் இருக்க வேண்டும். சட்டென்று கரண்ட் போவது டிஸ்குக்கும் நல்லதில்லை. கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பல பெட்டிகளில் வசதி உண்டு, அதைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய வீட்டுக்குள் போய் யார் ஸ்விட்ச் போடுவது? சாம்பிராணிப் புகை படுகிற இடத்திலும், சமையலறை அலமாரியிலும் வைக்க வேண்டாம். நாங்கள் ஹாலில் காற்றோட்டமான ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம்.

புனேயில் இருக்கும் என் பெண் கைக்குழந்தைக்காரி. தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்தால் அன்று ராத்திரியே அது எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்துவிடுகிறது. பேரன் படமும் அப்படியே. பெரிய வீடியோதான் நேரம் எடுக்கும். வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் 40 எம்.பி.பி.எஸ். என்றால் 4 ஜி.பி. கல்யாண வீடியோவுக்கு கால் மணி நேரம் பிடிக்கும். கனெக்‌ஷன் வாங்கும்போது டவுன்லோடு வேகத்தோடு அப்லோடு வேகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. தப்பாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழிந்து போகும். திருடன் தூக்கினால் பெட்டியோடுதானே தூக்குவான்? அதனால் தனியாக ஒரு ஹார்டு டிஸ்கில் எல்லாவற்றையும் காப்பி எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, மதுரையில் நாத்தனார் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். மாமா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு அங்கேதான் போகிறார். போகும்போது மஞ்சள் பையில் புதுக் காப்பி போகும், வரும்போது பழையது வரும்.